மூச்சிழுத்தால் குத்தும் நெஞ்சு, கூடவே காய்ச்சல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை, தஞ்சாவூர்:

எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, எழுபது தாண்டிவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையிலிருந்தே வலது விலாவில் குத்துகிறது என்றார். தொட்டுப் பார்த்தால் லேசான சூடு. தெர்மாமீட்டரில் நூறுகூட ஏறவில்லை. இருமலும் கிடையாது. வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று ஓமத் தண்ணி, பூண்டுப் பால் எல்லாம் கொடுத்தாயிற்று. சாயங்காலம் என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கப்புறம் யாரும் யோசிக்கவில்லை, ஆட்டோ பிடித்து ஜி.எச்.சுக்குப் போய்விட்டோம்.

அங்கே டாக்டரம்மா முதலில் கேட்டது இதுதான்: "மூச்சை நல்லா இழுங்கம்மா, குத்துதா?" அத்தை பாதி மூச்சிலேயே முகத்தைச் சுளித்து விலாவைப் பிடித்துக்கொண்டார். விரலில் கிளிப் மாட்டினால் ஆக்சிஜன் 89. மூச்சு நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாகத் தெரிந்தது. நிமோனியா.

வயதானவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக ஏறாமல், இருமல் இல்லாமல்கூட நிமோனியா வரும் என்றும், திடீரென்று ஆள் குழம்பிப் பேசுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். எவ்வளவு தீவிரம் என்று எடைபோட ஐந்து விஷயம் பார்க்கிறார்கள்: குழப்பம், ரத்தத்தில் யூரியா, மூச்சு முப்பதைத் தொடுகிறதா, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதா, வயது 65 ஆகிவிட்டதா. யூரியா ரிசல்ட் வருவதற்கு முன்பே அத்தைக்கு மூன்று தேறிவிட்டது. உடனே வார்டில் சேர்த்து ஆக்சிஜனும், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்கும் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நன்றாக இருக்கிறார், சமையலறையில் எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். நோயின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். வலி எந்த இடத்தில், எப்படிப் படுத்தால் கூடியது, எப்போது குறைந்தது, டாக்டர் என்ன கேட்டார், எந்தப் பரிசோதனையில் பிடிபட்டது என்று சொல்லுங்கள். "நெஞ்சு வலி, காய்ச்சல்" என்று மொட்டையாகச் சொன்னால் அதில் ஏகப்பட்ட நோய் அடங்கும். வலியின் குணத்தைச் சொன்னால்தான் எது எது என்று பிரியும்.

நூல்கண்டு, திருப்பூர்:

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் ரூமில் தங்கியிருந்த தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒல்லியான பையன், இருபத்திரண்டு வயது. இடது பக்கம் விலாவில் சுருக் சுருக்கென்று குத்து, கூடவே தினமும் சாயங்காலம் ஜுரம். காலையில் எழுந்தால் ஒன்றும் இருக்காது, ஷிஃப்டுக்கு வந்துவிடுவான். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளில் குத்து நின்றுவிட்டது. ரூமில் எல்லோரும் சரியாகிவிட்டது என்றோம். ஆனால் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்தால் இடது பக்கம் பாதிக்கு மேல் தண்ணீர். அவனை உட்கார வைத்து, முன்னால் மேசையில் கையைக் கட்டிக் குனியச் சொல்லி, முதுகுப் பக்கம் இரண்டு விலா எலும்புக்கு நடுவில் மரத்துப்போகிற ஊசி போட்டு, அப்புறம் இன்னொரு ஊசியால் நீரை உறிஞ்சினார்கள். இளமஞ்சளாக, தெளிவாக இருந்தது. அதை லேபுக்கு அனுப்பி ஏ.டி.ஏ. என்று ஒரு டெஸ்ட் பார்த்தார்கள், அளவு ரொம்ப அதிகம். டி.பி. என்று முடிவானது. நுரையீரலுக்குள் இல்லை, அதைச் சுற்றியிருக்கிற உறையில்.

ஆறு மாதம் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. எல்லாம் அரசாங்கத்தில் இலவசம். சாப்பாட்டுக்கென்று வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய் வரும், 2024 நவம்பருக்கு முன்பு அது 500ஆக இருந்தது. முதல் நாள் மாத்திரை போட்டதும் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாகப் போனது, பையன் ரத்தம் என்று அலறிவிட்டான். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

வைகை நர்ஸ், மதுரை:

கேஷுவாலிட்டியிலும் நெஞ்சக வார்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திருப்பூர்த் தம்பி சொன்னதில் ஒன்றை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குத்து நின்றது, மூச்சு வாங்கியது.

நுரையீரலை மூடிய உறை ஒன்று, விலாவின் உள்பக்கம் ஒட்டிய உறை ஒன்று. நடுவில் சொட்டு நீர், அதனால் வழுக்கிக்கொண்டு போகும். அழற்சி வந்தால் இரண்டும் உரசும். மூச்சு இழுக்கும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் குத்துவது அதனால்தான். நுரையீரலுக்கு உள்ளே வலி உணரும் நரம்பு கிடையாது, வலி முழுக்க அந்த வெளி உறையிலிருந்து வருவது. நடுவில் நீர் கோத்துக்கொண்டால் இரண்டு உறையும் விலகிப்போகும், உரசல் நிற்கும், வலியும் போய்விடும். நோய் முற்றிக்கொண்டிருக்கும். ஆகையால் குத்து குறைந்து, காய்ச்சல் போகாமல், மூச்சு வாங்கினால் கட்டாயம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

நிமோனியாவிலும் இப்படி நீர் கோக்கும். அது சீழாக மாறினால் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, விலாவுக்கு இடையில் ட்யூப் போட்டு வடிக்க வேண்டும். மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் டாக்டர்கள் மறுபடி படம் எடுக்கச் சொல்வது அதனால்தான். "ஏற்கெனவே எடுத்தாச்சே" என்று சண்டை போடாதீர்கள்.

டி.பி. என்றதும் தம்பியை ஊருக்கு அனுப்பிவிடாமல் கூடவே வைத்துக்கொண்ட உங்கள் ரூமுக்கு என் நன்றி. உறையில் மட்டும் இருக்கிற டி.பி. அடுத்தவருக்குப் பரவுவது அரிது. வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதும், சானடோரியத்தில், அதாவது டி.பி.க்கென்று இருந்த தங்கும் மருத்துவமனையில், போய்ப் படுக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டு 1959இல் முடிவை வெளியிட்டது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று கூடிவிடவில்லை.

நொய்யல், கோயம்புத்தூர்:

என் மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஹாஸ்டலில் வைரல் ஜுரம் வந்து வீட்டுக்கு வந்திருந்தான். ஜுரம் விட்டமாதிரி இருந்தது, மறுபடி லேசாகக் காய்ந்தது. நடுராத்திரி எழுந்து வந்து "அம்மா, நெஞ்சு நடுவுல குத்துது, படுக்கவே முடியல" என்றான். படுத்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. கடைசியில் சாப்பாட்டு மேசை முன்னால் நாற்காலி போட்டு, மேசைமேல் தலையணை வைத்து, அதன்மேல் கவிழ்ந்தபடியே தூங்கினான். வலி இடது தோளின் மேல்பக்கம், கழுத்தோடு சேருகிற இடத்துக்கும் போனது.

இடது தோள் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. விடிவதற்குள் ஆஸ்பத்திரி. டூட்டியில் இருந்த இளம் டாக்டர் அவனை முன்பக்கம் குனிய வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் ஸ்டெத்தை அழுத்தி வைத்து ரொம்ப நேரம் கேட்டார். உரசும் ஒலி கேட்கிறதாம். ஈ.சி.ஜி.யைக் காட்டி விளக்கினார்: ஹார்ட் அட்டாக் என்றால் அடைத்த ரத்தக்குழாய் எந்தப் பகுதிக்குப் போகிறதோ அந்தப் பகுதியில் மட்டும் கோடு தூக்கும், இவனுக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் தூக்கியிருக்கிறது. இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி, பெரிகார்டைட்டிஸ் என்றார். எக்கோவில் கொஞ்சம் நீர் இருந்தது, பயப்படுகிற அளவில்லை. ட்ரோபோனின் பார்த்தார்கள், இதயத் தசைக்குப் பாதிப்பு இல்லை.

அழற்சி குறைக்கும் மாத்திரை சில வாரம், அதோடு கோல்ச்சிசின் மூன்று மாதம். கோல்ச்சிசின் எதற்கு என்றால், இந்த நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது, அதைப் பாதியாகக் குறைக்கிறதாம். எங்கள் மாமனார் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கம்பியில் ஏற்றி வளர்க்கிறார்களே கண்வலிக் கிழங்கு, நம் மாநிலப் பூவான செங்காந்தள், அதன் விதையிலிருந்துதான் இந்த மருந்தை எடுக்கிறார்கள் என்று. விசாரித்தேன், உண்மைதான். ஆனால் அந்தக் கிழங்கையோ விதையையோ யாரும் நாட்டு மருந்து என்று வாயில் வைத்துவிடாதீர்கள், உயிரை எடுக்கும் விஷம். மாத்திரையில் இருப்பது மில்லிகிராமில் பாதி.

மகன் மூன்று மாதம் கிரிக்கெட் மட்டையைத் தொடவில்லை. அவன் கெஞ்சியபோதும் டாக்டர் விடவில்லை.

வைகை நர்ஸ், மதுரை:

டாக்டர் செய்தது சரி. வைரல் காய்ச்சல் இதய உறையைத் தாக்குகிற மாதிரி இதயத் தசையையும் தாக்கும், அதற்கு மயோகார்டைட்டிஸ் என்று பெயர். அந்த நேரத்தில் ஓடினால் விளையாடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். ஜுரம் வந்து போன பிள்ளை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படபடப்பாக இருக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் "ஜுரத்துல ஒடம்பு அசந்திருக்கு" என்று விட்டுவிடாமல் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். நம் ஊரில் டி.பி. கூட இதய உறையில் வரும், அதனால் மெலிவும் சாயங்கால ஜுரமும் இருந்தால் அந்தக் கோணத்திலும் பார்ப்பார்கள்.

வடலி, யாழ்ப்பாணம்:

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இங்கே ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. என்னுடைய சித்தப்பா கடற்றொழில் செய்பவர். பின்னேரத்தில் தவறணைக்குப் போய்க் கள்ளுக் குடிக்கிற பழக்கம் உண்டு. ஒருமுறை நல்ல வெயில் காலத்தில் நடுக்கத்தோடு காய்ச்சல் பிடித்தது. "வலப்பக்க நெஞ்சு சரியான நோவடா தம்பி, கையே வைக்கேலாமல் கிடக்கு" என்றார். மூச்சு இழுத்தாலும் நோ, இருமினாலும் நோ. வலது தோளும் உளைந்தது. நிமோனியா என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். ஆனால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானம் வலப்பக்கத்தில் மேலே தூக்கியிருந்தது. பெரிய டொக்டர் கீழ் விலாக்களுக்கு நடுவில் ஒரு விரலால் மெதுவாக அழுத்தினார், சித்தப்பா கட்டிலைவிட்டே எழும்பிவிட்டார். உடனே வயிற்றை ஸ்கான் பண்ணச் சொன்னார். ஈரலில் பெரிய கட்டி, உள்ளே சீழ். அமீபா என்ற கிருமியால் வருவது. டொக்டர் கேட்ட அடுத்த கேள்வி, "கள்ளுக் குடிக்கிறனீங்களோ?"

யாழ்ப்பாணத்தில் இந்த ஈரல் கட்டியோடு வருகிறவர்கள் அநேகமாக எல்லாருமே ஆண்கள், அதிலும் கள்ளுக் குடிக்கிறவர்கள். ஈரல் உதரவிதானத்துக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கே சீழ் கட்டினால் நெஞ்சு நோகும், உதரவிதானத்துக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து வருவதால் தோளும் நோகும் என்று விளங்கப்படுத்தினார்கள். ஸ்கானில் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு இழுத்தார்கள், மண்ணிறத்தில் தடிப்பாக வந்தது. மெட்ரோனிடசோல் ஏற்றினார்கள், பிறகு குடலில் மிச்சம் இருக்கிற கிருமிக்கும் வேறு குளிசை கொடுத்தார்கள். மெட்ரோனிடசோலோடு மது பாவித்தால் சத்தியும் (வாந்தி) நெஞ்சுப் படபடப்பும் வரும் என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்கள். சித்தப்பா இப்போது தவறணைப் பக்கம் போவதில்லை.

நெஞ்சு நோ என்று போனால் நெஞ்சை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். வலப்பக்கம் கீழே நோ, நடுக்கக் காய்ச்சல், எக்ஸ்ரே சுத்தம் என்றால் வயிற்றையும் ஒருக்கால் ஸ்கான் பண்ணிப் பாருங்கள்.

காவிரிக்கரை, தஞ்சாவூர்:

இது எனக்குத் தெரியவே தெரியாது. அண்ணா, எழுதியதற்கு ரொம்ப நன்றி. என் கொழுந்தனாரிடம் இதைப் படித்துக் காட்டப் போகிறேன்.

சிறுமருதூர், விழுப்புரம் மாவட்டம்:

கிராம சுகாதாரச் செவிலியர் நான். வடலி அண்ணன் சொன்னதற்கு நேர் எதிரானது குழந்தைகளிடம் நடக்கும். அங்கே ஈரலில் நோய், நெஞ்சில் வலி. இங்கே நுரையீரலில் நோய், வயிற்றில் வலி.

நான்கு வயதுப் பெண் குழந்தை. வயிறு வலிக்கிறது என்று அழுகை, நல்ல காய்ச்சல், ஒரு முறை வாந்தி. பாட்டி குடல் ஏற்றம் என்று வயிற்றில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் போனபோது குழந்தை அம்மா மடியில் சோர்ந்து கிடந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே உள்வாங்கிக் குழி விழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன், ஐம்பதைத் தாண்டியது. வயிற்றைத் தொடாமலே சொல்லிவிடலாம், இது நெஞ்சுக்காரியம் என்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் டோஸ் மருந்து கொடுத்து 108இல் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். நிமோனியாதான், இடது கீழ்ப்பகுதியில்.

அம்மாக்கள் இந்த எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேகமூச்சு, அன்றைக்கே காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ நேரே மருத்துவமனைதான். 2021 முதல் நிமோனியாவுக்கான பி.சி.வி. தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இருக்கிறது: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். தனியாரில் ஆயிரக்கணக்கில் வாங்குகிற பி.சி.வி. ஊசியை நாங்கள் இலவசமாகப் போடுகிறோம். தவறவிடாதீர்கள்.

மலைச்சாரல், கூடலூர்:

நீலகிரியில் பழங்குடி மக்களோடு சுகாதார வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பணியர் இளைஞனுக்கு நெஞ்சு வலியும் காய்ச்சலும் வந்தது என்றால், நாங்கள் கேட்கும் முதல் கேள்வி "சிக்கிள் செல் கார்டு இருக்கா?" என்பதுதான்.

அரிவாள் செல் சோகை என்று தமிழில் சொல்கிறார்கள். சிவப்பணு வளைந்து போய் சிறு ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். இந்தியாவில் இந்த நோய் இருக்கிறது என்று 1952இல் சொன்ன ஆய்வுகளில் ஒன்று எங்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் நடந்தது. இருளர், பணியர், குறும்பர் மக்களிடம் இன்றைக்கும் இருக்கிறது. இந்த நோய் உள்ளவருக்கு நுரையீரல் குழாய்கள் அடைத்தால் நெஞ்சு வலி, காய்ச்சல், மூச்சுத்திணறல் எல்லாம் சேர்ந்து வரும். எக்ஸ்ரே நிமோனியா மாதிரியே இருக்கும். சில மணி நேரத்தில் ஆக்சிஜன் சரியும்.

அந்த இளைஞன் முதலில் கை கால் எலும்பு வலி என்றுதான் வந்தான். படுக்கையில் இருக்கும்போதே மறுநாள் நெஞ்சு பிடித்துக்கொண்டது, காய்ச்சல் ஏறியது. வெளியூரில் கூலி வேலைக்குப் போன இடத்தில் முன்பு ஒரு தடவை இதே மாதிரி வந்து, வெறும் வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்களாம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் பையில் கார்டு இருந்தது, யாரும் கேட்கவில்லை, அவனுக்கும் எடுத்துக் காட்டத் தோன்றவில்லை. இங்கே ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், ரத்தம் எல்லாம் உடனே கொடுத்தார்கள். படுத்துக்கொண்டே கிடக்காமல் மணிக்கொரு தரம் ஊதுகுழல் மாதிரி ஒரு கருவியை வைத்து மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஹைட்ராக்சியூரியா மாத்திரை தினமும் எடுக்கிறான், இந்தத் தாக்குதல் வருவதை அது குறைக்கிறது. இப்போது கார்டை சட்டைப் பையில் வைத்திருக்கிறான், வண்டியோட்டிகள் லைசென்ஸ் வைத்திருக்கிற இடத்தில்.

சமவெளியில் இருக்கும் டாக்டர்கள், நர்சுகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மலையிலிருந்து வேலைக்கு வந்த ஆள் நெஞ்சு வலி என்று வந்தால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பாலாறு, வேலூர்:

எங்கள் வீட்டில் நடந்தது சின்ன விஷயம், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. என் மனைவிக்கு மார்கழியில் விடாத ஜுரம். அக்குளில் சிகரெட் சுட்ட தழும்பு மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு, வலியே இல்லை. அதைப் பார்த்த மாத்திரத்தில் டாக்டர் ஸ்க்ரப் டைஃபஸ் என்று சொல்லி டாக்சிசைக்ளின் எழுதினார். புதர்ப் பக்கம் இருக்கும் மிகச் சின்னப் பூச்சி கடித்து வருவது, எங்கள் ஊரில் குளிர் மாதங்களில் அதிகம். மாத்திரை போட்டதும் ஜுரம் மளமளவென்று இறங்கியது. ஆனால் புதிதாக நடு நெஞ்சில் வலி, எச்சில் முழுங்கினாலும் எரிச்சல்.

நோய் இதயத்துக்குப் போய்விட்டதோ என்று மறுபடி ஓடினோம். அந்த நோயில் அப்படியும் ஆவதுண்டு என்பதால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. அப்புறம், "மாத்திரையை எப்படிம்மா முழுங்கினீங்க?" என்றார். படுக்கப்போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில். மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கியிருக்கிறது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கச் சொன்னார். சில நாளில் ஆறிவிட்டது.

குயவர் தெரு, காஞ்சிபுரம்:

அக்கியை யாரும் சொல்லவில்லையே. என் பெரியப்பாவுக்கு இடது மார்பில் எரிகிற மாதிரி வலி, லேசான காய்ச்சல். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து சட்டையைக் கழற்றும்போது பெரியம்மா பார்த்தார்: முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பட்டையாக நீர்க் கொப்புளம், உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் கிருமி நரம்பில் தூங்கிக்கொண்டிருந்து கிளம்புவதுதான் அக்கி.

எங்கள் குடும்பமே காவி மண்ணில் அக்கி எழுதுகிற குடும்பம். அதனாலேயே சொல்கிறேன்: மண் பூசிக்கொள்ளுங்கள், மனதுக்கு ஆறுதல்தான், ஆனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டி அந்த வைரஸை அடக்கும் மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள். வயதானவர்களுக்குக் கொப்புளம் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கும். சட்டை உரசினாலே துடிப்பார்கள்.

ஏற்காடு அடிவாரம், சேலம்:

அவசரமாகக் கேட்கிறேன். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை இருக்கிறது. சில நாளாக ஃப்ளூ மாதிரி ஜுரம், உடம்பு வலி, இருமல். இன்று மத்தியானத்திலிருந்து நெஞ்சு பாரமாக இருக்கிறது என்கிறார். நீங்கள் எல்லோரும் சொன்னதைப் படித்து மூச்சு இழுக்கச் சொன்னேன், குத்தவில்லை. குனிந்தாலும் படுத்தாலும் ஒரே மாதிரி. அழுத்தினாலும் கூடவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது. ஜுரம் விடுகிறதால் வேர்க்கிறது என்று அம்மா சொல்கிறார். காலையில் காட்டலாமா?

வைகை நர்ஸ், மதுரை:

தம்பி, காலை வரை வேண்டாம். இப்போதே 108க்கு அடியுங்கள். மூச்சுக்கும் படுக்கைக்கும் அசையாத பாரம், வேர்வை, சர்க்கரை. காய்ச்சல் இருக்கிறது என்பதால் இதயம் இல்லை என்று ஆகிவிடாது. அப்பாவை நடக்க விடாதீர்கள், மாடியில் இருந்தால் நாற்காலியோடு தூக்கி இறக்குங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போனதும் "நெஞ்சு வலி, சர்க்கரை நோயாளி, உடனே ஈ.சி.ஜி." என்று சொல்லுங்கள், ஜுரத்தை இரண்டாவதாகச் சொல்லுங்கள். ஜுரத்தை முதலில் சொன்னால் ஓ.பி. வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

நொய்யல், கோயம்புத்தூர்:

தம்பி, போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

ஏற்காடு அடிவாரம், சேலம்:

அக்கா, சிஸ்டர், எல்லோருக்கும் நன்றி. நேற்று எழுத முடியவில்லை. ஹார்ட் அட்டாக்தான். ஈ.சி.ஜி. பார்த்ததும் ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். ஃப்ளூவும் இருக்கிறது, அதற்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். இன்று காலை இட்லி சாப்பிட்டார். ஃப்ளூ வந்ததால்தான் அட்டாக் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன், தூண்டிவிட்டிருக்கலாம் என்றார். சிஸ்டர், அது எப்படி?

வைகை நர்ஸ், மதுரை:

நல்ல செய்தி சொன்னீர்கள் தம்பி. தொற்று வந்தால் உடம்பு முழுக்க அழற்சி, ரத்தம் உறையும் தன்மை கூடும், இதயம் வேகமாக அடித்து ஆக்சிஜன் அதிகம் கேட்கும். ஏற்கெனவே குழாயில் கொழுப்பு படிந்திருந்தால் அது வெடித்து அடைத்துக்கொள்ளும். ஃப்ளூ உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு வருவது ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவில் செய்து 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். அட்டாக் வந்த ஓரிரு நாளில் லேசான காய்ச்சல் இருக்கலாம். சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு, படுத்தால் கூடும் குத்து வந்தால் அது கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு வந்த மாதிரி இதய உறை அழற்சியாக இருக்கலாம். மறுபடி அட்டாக் என்று நீங்களாக முடிவு கட்டாமலும், ஒன்றுமில்லை என்று விடாமலும் அன்றைக்கே காட்டுங்கள். ரொம்ப நாள் படுக்கையில் இருப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சு வாங்கி, லேசாகக் காய்ந்தால் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

வலிக்கு மெடிக்கலில் கேட்டு டிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவும் கொடுக்காதீர்கள். அப்பாவுக்கு மட்டுமில்லை, டெங்கு சீசனில் காய்ச்சலோடு இருக்கிற யாருக்கும் அது ஆகாது, ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும்.

ஏற்காடு அடிவாரம், சேலம்:

சரி சிஸ்டர். ஃப்ளூ தடுப்பூசி போடலாமா அவருக்கு? அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறது.

வைகை நர்ஸ், மதுரை:

இருவருக்கும் போடலாம், போட வேண்டியவர்கள்தான். வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால். அப்பாவுக்கு எப்போது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போது இதய டாக்டரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு இப்போது ஜுரமோ இருமலோ இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துச் சொல்லுங்கள், ஒரே வீட்டில் இருந்தவர் அல்லவா.